கொள்ளுத்தாத்தாவின் தலையில் ஓர் அம்புக்குறி

எனக்கு சிவில் இன்ஜினியரிங்கில் பட்டம் இருக்கிறது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் பின்னால் வருகிற அசிங்கத்துக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

பிழைப்பு என்னவோ அடையாறில் அடுத்தவர் வீட்டுச் சமையலறைகளை அளந்து அலமாரி செய்து கொடுப்பதுதான். சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு வம்சாவளிப் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். மயிலாப்பூர் வீட்டின் கூடத்துச் சுவரில் நான்கு சார்ட் பேப்பர்களை ஒட்டி, பெட்டி பெட்டியாகக் கோடு போட்டு, முன்னோர்களைக் குடியேற்றினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட ஆராய்ச்சித் தகவல்கள் தாங்காமல் குழுவையே ம்யூட் செய்தவர்கள் பலர். (அதில் முதல் ஆள் என் மனைவி.)

அந்தச் சமயத்தில்தான் என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் அத்தாவுக்கு, ஹஜ் பயணம் கூடி வந்தது. ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு விடைபெறுவார்கள். மறைந்துபோன பெரியவர்களின் கபர்களுக்கும் போய் சலாம் சொல்லிவிட்டு வருவார்கள். அத்தா எல்லாவற்றையும் முடித்துவிட்டார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

"எங்க தாத்தாவ மட்டும் பாக்கலடா. கூட்டிக்கினு போறேன், கூட்டிக்கினு போறேன்னு எங்கத்தா சாவற வரைக்கும் சொன்னாரு. எனக்கும் எழுபது ஆயிடுச்சு. போனா திரும்பி வருவனோ இன்னாவோ" என்றார்.

அந்தத் தாத்தா காசிம் ராவுத்தர், வெற்றிலை வியாபாரி. மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் கொள்முதலுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அந்த ஊரில் பள்ளிவாசல் கிடையாது. அவருடைய சிநேகிதரான ஒரு விவசாயி தன் நிலத்திலேயே அடக்கம் செய்ய இடம் கொடுத்தாராம். 'கிணற்றுக்கு மேற்கே, புதருக்குள்' என்று ஒரு பழைய தபால் அட்டையில் இருந்தது. நான் மார்பில் தட்டிக்கொண்டு, "கவலைய வுடுங்க அத்தா, ரெண்டு வாரத்துல கண்டுபிடிச்சிடறேன்" என்றேன்.

அந்த விவசாயியின் பேரன் ஏழுமலை என்பவருடைய நம்பரும் கிடைத்தது. நிலத்துக்குள் வர அனுமதி கேட்டேன். "பெரியவங்களப் பாக்க வர்றதுக்கு இன்னாத்துக்கு பாய் பர்மிஷனு? தாராளமா வாங்க" என்றார். நியாயமாக அடுத்த கேள்வி, 'கபர் எங்கே இருக்கிறது?' என்பதுதானே? கேட்கவில்லையே! கேட்டால் என் ஆராய்ச்சிக்கு என்ன மரியாதை? அதற்குப் பதில், செல்போன் மேப்பில் கிணற்றைப் பார்த்து நானே ஒரு புள்ளி வைத்து அவருக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

முதலில் நான் மட்டும் போனேன். அன்றைக்கு ஏழுமலை ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். கிணறு இருந்தது. மேற்கே வேலிகாத்தான் புதர் இருந்தது. பக்கத்து வீட்டில் அரிவாள் வாங்கி, கையெல்லாம் கீறிக்கொண்டு வெட்டினேன். உள்ளே கொஞ்சம் சாய்ந்தபடி ஒரு கருங்கல்! கபரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் கல் என்று பார்த்தவுடன் தீர்மானித்துவிட்டேன். கல்லின் தலையில் அம்புக்குறி ஒன்று செதுக்கியிருந்தது. அது கிப்லாவின், அதாவது தொழும்போது நோக்குகிற மக்காவின், திசை. மேற்கே காட்ட வேண்டிய அம்பு தெற்கே காட்டுகிறதே? கல் சாய்ந்ததில் திரும்பியிருக்கும். கால்மாட்டுக் கல்லைக் காணோமே? டேப்பைப் பிடித்து ஆறடி அளந்தேன். அங்கே ஒரு சாதாரணக் கல் கிடந்தது. அதையே கால்மாட்டுக்கு நியமித்தேன். படம் எடுத்து, 'அல்ஹம்துலில்லாஹ், தாத்தா கிடைத்துவிட்டார்' என்று குழுவில் போட்டேன். ம்யூட் செய்தவர்கள்கூடத் திரும்பி வந்து வாழ்த்தினார்கள்.

அடுத்த ஞாயிறு, வேன் பிடித்துப் பத்தொன்பது பேர் கிளம்பினோம். இரண்டு தேக்சா பிரியாணி, பன்னீர், ஊதுபத்தி, மாட வீதியில் சொல்லிக் கட்டிய ஆறடி ரோஜாப் பூப்போர்வை. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். நான் முன்னால், மாப்பிள்ளை மாதிரி.

பெரிய மாமு யாசீன் சூராவை முழுசாக ஓதினார். அத்தா பூப்போர்வையை விரித்தார். அப்புறம் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். "தாத்தா, வந்துட்டேன் தாத்தா. எங்கத்தாவால வர முடியல. மன்னிச்சிருங்க." அத்தா அழுது நான் பார்த்ததே இல்லை. இந்தப் பிறவியில் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று பூரித்துப் போனேன்.

அப்போதுதான் ஏழுமலை இளநீர்க் குலையோடு வந்தார். பூவுக்கு நடுவே தலை நீட்டியிருந்த கல்லைப் பார்த்தார். குலை கீழே விழுந்தது.

"பாய்! இந்தக் கல்லு இங்கியா கீது... அடக் கடவுளே! இந்தப் பொதர்ல பாம்பு கீதுன்னு ஒரு ஆளும் கைய வைக்கல பாய்!"

(பாம்பு என்றதும் பத்தொன்பது பேரும் எழுந்து நின்றோம்.)

"நானும் என் தம்பியும் எங்க நெலத்தப் பிரிக்கிற, அம்பு போட்ட இந்த சர்வே கல்லத்தான் பதினோரு வருசமா தேடிக்கினு கீறோம். இது இல்லாம ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. டேய் தணிகாசலம்! ஓடியாடா! கல்லு ஆப்ட்ருச்சு!"

அத்தா மெதுவாகக் கல்லிலிருந்து கையை எடுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏண்டா, இது சர்வே கல்லா?"

"அம்பு... கிப்லான்னு நெனச்சேன் அத்தா."

"இன்ஜினியருக்குப் படிக்க வச்சேனேடா உன்ன!"

பெரிய மாமு கிதாபை மூடிவிட்டு வானத்தைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. அது பெண்கள் பக்கம் பரவி, என் மனைவி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்தக் கிணற்றில் குதித்துவிடலாமா என்றிருந்தது.

பதினோரு வருடத்துக்குப் பிறகு அண்ணன் கூப்பிட்ட குரலுக்குத் தம்பி தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். கல் அண்ணன் சொன்ன இடத்திலும் இல்லை, தம்பி சொன்ன இடத்திலும் இல்லை, நடுவில் இருந்தது. இருவரும் சேர்ந்து தோற்றதில் யாருக்கும் கோபம் வரவில்லை. விஷயத்தைக் கேட்ட தணிகாசலம் என்னிடம், "பாய் தாத்தா கபரா? அது நம்ம பக்கம் கீதுங்க. பழைய கெணத்தத் தூத்துட்டோம், அதான் உங்க மேப்புல காட்டல. எங்க பாட்டன் காலத்துலேந்து வெள்ளிக்கெழமயானா வெளக்கு ஏத்திக்கினு வர்றோம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!" என்றார்.

"கேக்காமத்தான் புள்ளி வச்சி அனுப்புனாரே. தெரிஞ்சவரு போலன்னு வுட்டுட்டேன்" என்றார் ஏழுமலை.

நாற்பது அடி தள்ளி, புதருக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், வெள்ளையடித்த சின்ன மேடு. சுத்தமாகப் பெருக்கியிருந்தது. விளக்கு மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. யாருடைய தாத்தாவையோ இத்தனை காலம் ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு வெட்கம் போய் நிஜமாகவே நெஞ்சு நெகிழ்ந்தது. பூப்போர்வையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே விரித்தோம். பெரிய மாமு மறுபடி முதலிலிருந்து யாசீன் ஓதினார். அத்தா சலாம் சொன்னார், மன்னிப்புக் கேட்டார், கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"அழுகையெல்லாம் அங்கயே தீந்துபோச்சுடா" என்றார் பரிதாபமாக.

அண்ணனும் தம்பியும் எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே மயிலாப்பூருக்கு வந்து போகிறார்கள். எனக்குத்தான் விமோசனம் இல்லை. வண்டியில் போகும்போது கிலோமீட்டர் கல் தென்பட்டால் என் மகள் உட்பட மொத்தக் குடும்பமும் கையைத் தூக்கி, "அஸ்ஸலாமு அலைக்கும் தாத்தா" என்கிறது.

அத்தா ஹஜ் முடித்து நல்லபடியாகத் திரும்பினார். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்து, யார் யாருக்காகத் துஆ கேட்டேன் என்று இன்றுவரை ஒரு பட்டியல் சொல்கிறார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை இப்படித்தான் முடிப்பார்:

"எங்க தாத்தாவுக்குக் கேட்டேன். அந்தக் கல்லுக்கும் சேத்துக் கேட்டேன். அவரவிட அதுக்குத்தான நான் அதிகமா அழுதிருக்கேன்!"