பெட்டி படுத்துக்கொண்ட சனிக்கிழமை

இந்தச் செய்தி எக்காரணம் கொண்டும் மனைவியின் காதுக்குப் போகக் கூடாது என்று சனிக்கிழமை காலை பல் விளக்கும்போதே ஆதாரம் சார் முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பெயர் அவர் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் வைத்தது. இழப்பீடு கேட்டு யார் வந்தாலும், "ஆதாரம் இருக்கா?" என்பார். வீட்டிலும் அதே பல்லவிதான். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் மனைவிக்குக் கொடுத்த வாக்குறுதிகள் ஒரு வண்டி தேறும். எதைக் கேட்டாலும், "நான் எப்ப சொன்னேன்? ஆதாரம் இருக்கா?"

செய்தி இதுதான். உலகத்துக்கே கால்பந்து விளையாட்டுச் செய்து விற்கும் பெரிய கம்பெனி ஒன்று, அவர் வைத்திருக்கும் வீடியோ கேம் பெட்டிக்கு இனிமேல் எந்தப் புது விளையாட்டும் போடப்போவதில்லை என்று கையை விரித்துவிட்டது. பெட்டி விற்கவே இல்லையாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் கடையில் எல்லோரும் இன்னொரு பெட்டிக்கு முண்டியடித்தபோதே மனைவி சொன்னாள், "எல்லாரும் வாங்கறதை வாங்குங்களேன்." அவர் மார்தட்டினார். "இந்தப் பெட்டி மட்டும் படுத்துச்சுன்னா, அன்னைலேருந்து ராத்திரிச் சமையல் என் பொறுப்பு!" கடைக்காரர்கூடக் கைதட்டினார்.

வழக்கம்போல மறுத்துவிடலாம்தான். செய்தியே அவளுக்குத் தெரியாவிட்டால் மறுக்கவும் வேண்டாமே! ஆனால் பெட்டி போனதில் அவருக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று. வாரம் முழுக்க அடுத்தவர் இழப்பையே பார்க்கிற மனிதர். சனிக்கிழமை ஒரு கோல் போட்டால்தான் உயிர் திரும்பும்.

மனைவி பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனோடு வேலையில் இருந்தாள். ஏதேதோ கம்பெனிகளின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை. இப்போது எந்தக் கம்பெனி என்று அவர் கேட்டதில்லை. போன மாதம் அவளாகவே வந்து ஏதோ சொன்னாள். அப்போது திரையில் பெனால்டி கிக். "ம்" என்று சொல்லிவைத்தார்.

பால்கனிக்குப் போய், அந்த விளையாட்டுக் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றது ஓர் இயந்திரக் குரல். தமிழுக்கு ஒன்பதை அழுத்தச் சொன்னது. அழுத்தினார்.

"வணக்கம் சார். உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?"

தேன் சொட்டும் குரல். இவ்வளவு மரியாதையை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

"ஏம்மா, இப்படிப் பாதியில கைவிடலாமா? நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

"உங்க வருத்தம் புரியுது சார். இந்தப் பெட்டிக்குத் தமிழ்ல பதில் சொல்ல நான் ஒருத்திதான். இன்னைக்குக் கூப்பிட்டதும் நீங்க ஒருத்தர்தான்."

"பார்த்தியாம்மா, எங்க நிலைமையை!"

"பழைய விளையாட்டெல்லாம் எப்பவும்போல ஓடும் சார். புதுசுதான் வராது. இதனால உங்களுக்கு வேற ஏதாவது சிக்கல் இருக்கா?"

அன்பாகக் கேட்டால் யார்தான் கொட்டமாட்டார்கள்? "இருக்கும்மா. பெட்டி படுத்தா ராத்திரிச் சமையல் என் பொறுப்புன்னு வீட்டுக்காரிகிட்ட வாயை விட்டுட்டேன்."

"அப்படிச் சொன்னது உண்மைதானா சார்?"

"கடையில பத்து பேர் முன்னாடி சொன்னேன். ஆனா அவகிட்ட ஆதாரம் இல்ல!"

அந்தப் பக்கம் கீபோர்டு படபடத்தது. "அவங்களுக்கு வேலை அதிகமா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாவம்மா. நாள் பூரா முகம் தெரியாதவங்க திட்டறதைக் கேட்டுட்டு, அப்புறம் வந்து அடுப்படியில நிக்கறா. பார்க்கவே கஷ்டமாத்தான் இருக்கு. சொல்லணும்னு தோணும். சொன்னா கரண்டியைக் கையில கொடுத்துடுவாளேன்னு பயம்."

அப்போது குளியலறையில் வாஷிங் மெஷின் துவைத்து முடித்துத் தன் பாட்டைப் பாடியது. போனுக்குள்ளும் அதே பாட்டு.

"அட, உங்க வீட்டுலயும் அதே மிஷின்தானா?"

"அதே மிஷின்தான் சார்." குரலில் தேன் குறைந்து, லேசாகக் கரகரத்தது. "பாட்டு முடிஞ்சா துணியை எடுத்து உலர்த்தணும். அதையும் மறந்துடாதீங்க."

ஆதாரம் சார் மெள்ளப் பின்னறைப் பக்கம் திரும்பினார். பின்னறைக் கதவு திறந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே மனைவி வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

"போன மாசமே சொன்னேனே, இனிமே உங்க பெட்டிக்காரங்களுக்கு நான்தான் பதில் சொல்றேன்னு. 'ம்'னீங்க."

பழக்கதோஷம் அவரை விடவில்லை. "நீ எப்ப சொன்ன? ஆதாரம்..." என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த போனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் மைக்கை வாயருகே இழுத்தாள். நேரிலும் போனிலும் ஒரே மரியாதையோடு கேட்டது அந்தக் குரல்.

"நீங்க பேசினது முழுசும் பதிவாயிருக்கு சார். ராத்திரிக்கு என்ன சமைக்கறீங்க?"