கண்ணுக்கு வைத்த பொட்டு

புரட்டாசி மாதம் பதினாறாம் நாள், வியாழக்கிழமை, விஜயதசமி, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கல்வெட்டைப் போலத் தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தவர் என் அம்மா.

"குளிகையில செஞ்சா திரும்பத் திரும்ப நடக்கும்மா. நீ மொத தடவ தனியா ட்ரோன பறக்க வுடறது குளிகையிலயே இருக்கட்டும்" என்றார்.

அம்மாவின் கணக்கு பொய்க்கவில்லை. அன்று நடந்தது எங்கள் வீட்டில் இன்றுவரை வாரம் ஒருமுறையாவது மறுபடியும் நடந்துகொண்டிருக்கிறது, உறவினர்களின் வாய்களில்.

அப்போது நான் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஓரிக்கையில், பாலாற்றை ஒட்டிய ஒரு திடலில், பெண்களுக்கு ட்ரோன் இயக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மற்றவர்கள் வயலுக்கு மருந்து தெளிக்கக் கற்றுக்கொள்ள வந்தார்கள். நானோ கோபுரங்களின் மேல்நிலைச் சுதைச் சிற்பங்களை அருகில் சென்று பார்க்கலாம் என்று வந்தேன். (கோபுரத்தின் பக்கமே அதைக் கொண்டுபோக அனுமதி கிடைக்காது என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் சேர்ந்தது சேர்ந்ததுதானே!)

பயிற்றுநர் நஸ்ரீன் மேடம் முதல் நாள் ட்ரோனைத் தொடவே விடவில்லை. அதைத் தலைகீழாகத் திருப்பி, அடிவயிற்றில் இருந்த இரண்டு சிறு கறுப்பு வட்டங்களைக் காட்டினார். "இது ரெண்டும் இதோட கண்ணு. தரை எவ்ளோ தூரத்துல இருக்குதுனு இதால தான் பாக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தாமல், உயர்த்தாமல் சொன்னார்: "இங்க ஏதாவது தப்பு நடந்தா, யார் பண்ணாங்கனு நான் கேக்க மாட்டேன். என்ன ஆச்சுனு தான் கேப்பேன். நீங்க மறைச்சீங்கன்னா, அதே தப்பு நாளைக்கு இன்னொருத்தி தலைல வந்து வுழும்."

இதற்காகச் சுவரில் ஒரு பெட்டி மாட்டப்பட்டது. நடந்ததை எழுதிப் போடலாம். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். பெட்டிக்கு மேலே ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும் என்றதும், தமிழ் படிக்கும் பெண் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இப்படி எழுதினேன்: "நிகழ்ந்தவை யாவும் நிகழ்ந்தவாறே உரைக்கப்படுக. உரைப்போர் பழிக்கப்படார்."

இதைவிடச் செறிவான வாசகம் காஞ்சி மாநகரில் அந்த ஆண்டு எழுதப்படவில்லை என்றே நான் நம்பினேன். ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு குங்குமப் பொட்டலமும் கொஞ்சம் சில்லறையும் இருந்தன.

"நான் கோயில் உண்டின்னு நெனச்சேன்பா" என்றாள் எஸ்தர். பேட்டரிகளுக்கு மின்னேற்றிப் பராமரிப்பவள் அவள். என் வயதுதான், நான் ஒரு நாளில் பேசுவதை ஒரே மூச்சில் பேசிவிடுவாள். "நானே ஒரு ரூபா போட்டேன். சர்ச்சுக்குப் போறவ உண்டில போடக்கூடாதுன்னா எழுதி வச்சிருக்குது?"

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. பயிற்சி நிலையத்தின் உரிமையாளர் பாஸ்கரன் சார் ஷாமியானா போட்டு, மாலை, வாழைக்கன்று, பொரி என்று குறையில்லாமல் ஏற்பாடு செய்திருந்தார். எல்லோரும் ட்ரோன்களின் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நானும் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் தறி இருக்கும் வீட்டில் பிறந்தவள். ஆயுத பூஜையன்று தறியின் மிதிகட்டை, நாடா, கயிற்றில் தொங்கும் கல் வரை எதையும் விடாமல் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஒன்றை விட்டுவிட்டால் அது வருத்தப்படும் என்பார் அம்மா. ஆகவே யாரும் கவனியாத அடிவயிற்றை நான் கவனித்தேன். ட்ரோனைச் சற்றே சாய்த்து, வலது கண்ணின் மேல் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். இடது கண்ணுக்கு வைப்பதற்குள் கற்பூரம் காட்ட அழைத்துவிட்டார்கள்.

அது கண் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கண் என்று தெரிந்ததால்தான் அவ்வளவு பக்தியுடன் வைத்தேன்.

மறுநாள் காலை அம்மா எனக்கு அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிவிட்டு, உடன் வந்து ஷாமியானாவின் முன்வரிசையில் அமர்ந்தார். பறக்கவிடுவதற்கு முன் மண்டியிட்டு ட்ரோனின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் புடவையில் மண்டியிட்டால் மடிப்பு கலையும். நான் நின்றபடியே ட்ரோனின் முதுகை நோக்கிக் கம்பீரமாக, "அடிப்பகுதி பார்க்கப்பட்டது" என்று அறிவித்தேன்.

ட்ரோன் ஏறியது. அழகாக ஏறியது. அம்மா கைதட்டினார். வலம், இடம், முன், பின் எல்லாம் சரியாக நடந்தன. இறங்கச் சொன்னபோதுதான் அது மறுத்தது. கண் மறைந்துபோன அதற்குத் தரை தன் வயிற்றை உரசிக்கொண்டிருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும். நான் கீழே இழுக்க இழுக்க, சற்றுத் தாழ்ந்து, துணுக்குற்று, மறுபடியும் மேலே போனது; இப்படியே பல நிமிடம்.

"கன்ட்ரோலர குடு" என்றார் நஸ்ரீன் மேடம்.

"இதோ தருகிறேன்" என்றேன். (அந்த நிலையிலும் எழுத்துத் தமிழ்!) வாய் தந்ததே தவிர விரல்கள் தரவில்லை. அவர் பிடுங்கியபோது என் கட்டைவிரல் கன்ட்ரோலரின் குச்சியைப் பக்கவாட்டில் அழுத்திவிட்டது. ட்ரோன் ஷாமியானாவை நோக்கிச் சென்றது. அதே கணத்தில் பேட்டரி தீரப்போகும் எச்சரிக்கை ஒலித்தது. அதற்குமேல் அது யார் பேச்சையும் கேட்காமல் தானே இறங்கத் தொடங்கியது.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று மேடம் கத்த, முன்வரிசை முழுவதும் ஓடியது. (அம்மா தம் செருப்பையும் என் செருப்பையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினார்.) ட்ரோன் ஷாமியானாத் துணியில் சறுக்கி, ஓரமாக விழுந்து, கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்த அண்டாவுக்குள் தலைகீழாகப் பாய்ந்தது. இறக்கைகள் நிற்பதற்குள் சுண்டல் நான்கு திசையிலும் பொழிந்தது. பாஸ்கரன் சாரின் வெள்ளைச் சட்டையில் தேங்காய்த் துருவல் ஒட்டாத இடம் இல்லை.

யாருக்கும் அடிபடவில்லை. ட்ரோனுக்கு ஒரு காலும் இரண்டு இறக்கைகளும் போயின. அதன் அடிவயிறு முழுவதும் கடலை மசியல். சந்தனத்தின் சுவடே இல்லை.

பாஸ்கரன் சார் திரும்பியது எஸ்தரின் பக்கம். "பேட்டரிய ஒழுங்கா சார்ஜ் போட்டியா இல்லியா? போன்ல பேசிக்கினே சொருகியிருப்ப!"

"சார், பேட்டரி தீந்ததால தான் அது கீழயே எறங்குச்சு. தீராம இருந்திருந்தா இந்நேரம் மாகறல் போயிருக்கும்."

"வாய் பேசாத. நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

எஸ்தர் கையிலிருந்த பேட்டரியைத் துணியால் துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டுத் தன் பையை எடுத்தாள்.

சுவரில் என் பலகை தொங்கியது. உரைப்போர் பழிக்கப்படார். உரைக்காதவரைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. வகுப்பில் வருகைப்பதிவுக்கே கையை மட்டும் உயர்த்துபவள் நான். எஸ்தர் வாசலை அடைந்துவிட்டாள்.

"ஒரு செய்தி தெரிவிக்க வேண்டியிருக்கிறது" என்றேன்.

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, போர்டு பேசுதுபா!"

நான் சொல்லத் தொடங்கினேன். சந்தனம் குழைத்ததையும், குங்குமம் வைத்ததையும், புடவை மடிப்புக்காக மண்டியிடாததையும் வரிசை பிசகாமல் சொன்னேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. நஸ்ரீன் மேடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "ரெண்டு கண்ணுலயுமா வச்ச?"

"இல்லை மேடம். வலது கண்ணில் மட்டும்."

"ஒரு கண்ணு தெரிஞ்சிருந்தா இவ்ளோ அடம் பிடிக்காதேமா. இன்னொண்ணுல யார் வச்சது?"

எங்கோ ஒரு கொண்டைக்கடலை ஷாமியானாவிலிருந்து உதிரும் ஓசைகூடக் கேட்டது. அப்போது பாஸ்கரன் சார் சட்டையிலிருந்த தேங்காய்த் துருவலை ஒவ்வொன்றாகத் தட்டிவிட ஆரம்பித்தார்.

"அது… கண்ணா?" என்றார். "நான் ஸ்குரூ மூடினு நெனச்சேன்."

"சார்?" என்றார் மேடம்.

"பூஜை முடிஞ்சு எடுத்து வைக்கும்போது பார்த்தேன்மா. ஒரு பக்கம் பொட்டு இருக்குது, இன்னொரு பக்கம் காலியா இருக்குது. பாக்க நல்லாவா இருக்குது? அதான் நானும்…"

முதலில் சிரித்தது எஸ்தர். பையைத் தரையில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சார், நீங்க நாளைலேர்ந்து வருவீங்களா, மாட்டீங்களா?"

"யாரும் எங்கயும் போக வேணாம்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "நீ பேட்டரிய உள்ள எடுத்து வைம்மா."

அதன்பின் வேடிக்கை தொடங்கியது. இறக்கையைத் தலைகீழாக மாட்டியிருந்ததைக் கடைசி நொடியில் கண்டுபிடித்து மறைத்தவள், வேப்பமரத்தில் உரசியதைக் காற்றின்மேல் போட்டவள் என்று ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். மேடம் யாரையும் கடிந்துகொள்ளாமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். மீதமிருந்த பொரியைத் தின்றபடி, மதியம் வரை பேசினோம்.

இப்போது ஆயுத பூஜை வந்தால், அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் வீடே என் பக்கம் திரும்புகிறது. "கண்ணு எதுனு அவள கேட்டுக்கினு வைங்க" என்கிறார் அம்மா. மிக்சியைக்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் பொட்டு வைக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். (சொன்னவர் அப்பா. நடந்ததை நடந்தவாறே உரைத்தாராம்.)

அந்த விஜயதசமிக்கு மறுநாள் காலை நான் சீக்கிரமே ஓரிக்கைக்குப் போனேன், பழைய சுடிதாரில். என் பலகையைக் கழற்றி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, எஸ்தர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "என்ன ஆச்சுனு சொல்லு. யாரும் திட்ட மாட்டாங்க." பாஸ்கரன் சார் எட்டிப் பார்த்து, "ஓனரும்தான்னு சேத்துக்கோம்மா" என்றார். சேர்த்தேன்.

பிறகு வேறொரு ட்ரோனின் முன் மண்ணில் மண்டியிட்டு, அதைச் சாய்த்தேன். வெள்ளை வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் அவரும் என் பக்கத்தில் மண்டியிட்டார். "எனக்கும் காட்டும்மா, கண்ணு எது?" காட்டினேன். அவர் தோள் துண்டின் நுனியால் இடது கண்ணைத் துடைத்தார். வலது கண்ணை எனக்கு விட்டுவைத்தார்.