டாக்டர் பெயரில் நான்கு பேர்

பின்பக்கம் நாடா கட்டும் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடியில் சம்மதப் படிவம், கையில் பேனா. நர்ஸ் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டாள். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மணி எட்டரை. பதினொரு மணிக்கு ஆபரேஷன். குடலிறக்கம்தானே, இது ஒரு விஷயமா என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். தங்கள் வயிற்றைப் பத்திரமாக வீட்டில் வைத்திருப்பவர்கள் எல்லாரும்.

அவரை முதலில் பரிசோதித்த டாக்டர் அவசரமாக வெளியூர் போய்விட்டாராம். படிவத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதியிருந்தார்கள். வெறும் பெயர். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவர் அவர். எந்த லிஃப்ட்டில் கால் வைப்பதற்கு முன்னும் உள்ளே இருக்கும் தகட்டைப் படித்துவிடுவார். யார் செய்தது, எத்தனை பேர் ஏறலாம், கடைசியாக எப்போது சோதித்தார்கள். வெறும் லிஃப்ட்டுக்கே இவ்வளவு பார்க்கிறவர், தன் வயிற்றைத் திறக்கப்போகிறவரைப் பற்றி ஒன்றும் பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

மனைவி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். மச்சினன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, இந்தப் பேரைப் போட்டுக் கொஞ்சம் பாரேன்" என்றார்.

மச்சினனுக்குத் தேடுவது என்றால் கொள்ளை ஆசை. தேடியதைச் சத்தமாகப் படிப்பது அதைவிட ஆசை. ஒரு நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, இந்தப் பேர்ல பெரிய ஆளுங்க நாலு பேர் இருக்காங்க."

முதல் ஆள் மேஜிக் நிபுணர். மேடையில் ஆளைப் பெட்டிக்குள் படுக்கவைத்து ரம்பத்தால் இரண்டாக அறுப்பதில் உலகப் பெயர். இரண்டாம் ஆள் சிற்பி. கருங்கல்லை உளியால் கொத்தி யானை செய்கிறவர். மூன்றாம் ஆள் டாக்டர்தான், ஆனால் இலக்கிய டாக்டர். ஒப்பாரிப் பாடல்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்.

இன்ஸ்பெக்டர் நாலாவது ஆள் யார் என்று கேட்டார்.

"நாலாவது ஆள்தான் மாமா நம்ம ஆளு. வயிற்று அறுவை நிபுணர். பத்தாயிரம் ஆபரேஷன் பண்ணியிருக்கார். மூணு விருது." மச்சினன் திரையை விரலால் தள்ளினான். அப்புறம் குரல் சற்றுத் தணிந்தது. "ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி காலமாயிட்டார்."

மிச்சமிருப்பது ரம்பம், உளி, ஒப்பாரி என்று இன்ஸ்பெக்டர் மனசுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். மூன்றில் எது வந்தாலும் தேறுவது கஷ்டம்.

நேராகக் கேட்டால் தப்பாக நினைப்பார்கள், நைசாக விசாரிக்கலாம் என்று முடிவு செய்தார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸிடம், புது டாக்டர் எப்படி என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"கைராசிக்காரர் சார். கையில மந்திரம் வெச்சிருக்கார்னுதான் எல்லாரும் சொல்வாங்க. அறுத்ததே தெரியாது, ஒட்டினதும் தெரியாது" என்றாள் நர்ஸ்.

அந்த நேரத்தில் அழுத்தமானியின் முள் எகிறியது. அவள் புருவத்தை உயர்த்தி எண்ணைக் குறித்துக்கொண்டாள். அவர் விடாமல், டாக்டர் எங்கே படித்தவர், இங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தார், இதுவரை யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. "இதெல்லாம் எதுக்கு சார் கேக்கறீங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனாள். கதவிடுக்கு வழியாக அவர் பார்த்தார். அவள் டெலிபோனில் யாரிடமோ வாயைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். பேசும்போது இரண்டு முறை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் எதற்கு வாயைப் பொத்த வேண்டும்?

டாக்டரின் அறைச் சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பார்கள், அதைப் போட்டோ எடுத்து வா என்று மச்சினனை அனுப்பினார். கால் மணி நேரம் ஆயிற்று. மச்சினன் வரவில்லை, போன்தான் வந்தது. ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கச் சொன்னான். பார்த்தால் கேட்டுக்கு வெளியே, நடைபாதையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தான். போட்டோ எடுக்கும்போது காவலாளிகள் இரண்டு பேர் வந்து தோளில் கைபோட்டு அன்பாக வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். இனிமேல் உள்ளே விடமாட்டார்களாம். எடுத்த போட்டோவிலும் அவன் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருக்கிறதாம்.

இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, திறக்காமலே திரும்ப வைத்தார். ஆபரேஷனுக்கு முன் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

அடுத்த பத்தாவது நிமிடம் இரண்டு ஊழியர்கள் வந்து, உங்களுக்கு வேறு அறை ஒதுக்கியாகிவிட்டது என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. புது அறை பெரியது. வெள்ளை வெளேர் என்று புது விரிப்பு. மேஜை மேல் ஒரு பழக்கூடை. அதன் பக்கத்தில் வெள்ளைப் பூக்களைச் சுற்றிச் செருகி வட்டமாக ஒன்று வைத்திருந்தார்கள். அழகுக்குத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் படுத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டரே வந்துவிட்டார். குட்டையான மனிதர், வழுக்கை, மூக்குக் கண்ணாடி. கூடவே கையில் நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு பேர். ஒருவர் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அந்த விரல்கள் நடுங்கின. இன்ஸ்பெக்டருக்கு அது துல்லியமாகத் தெரிந்தது. எந்த நடுக்கம் மோட்டாரில் வருவது, எது கம்பியில் வருவது என்று விரல்நுனியால் பிரித்துச் சொல்கிறவர் அவர். நிபுணனின் கை நடுங்காது. வேலை தெரியாதவன் கைதான் நடுங்கும்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர், அவர் கண்ணைப் பார்க்காமல்.

"இன்னும் இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் கோப்பைப் புரட்டினார். தொழில் என்ற கட்டத்தில் இடம் போதாமல் மனைவி 'இன்ஸ்பெக்டர்' என்று மட்டும் எழுதியிருந்தாள். என்ன இன்ஸ்பெக்‌ஷன் என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. கொஞ்சம் மிரட்டி வைத்தால் ஆள் ஜாக்கிரதையாக இருப்பான். கட்டடச் சொந்தக்காரர்களிடம் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"ஜனங்க உயிர் சம்பந்தப்பட்ட வேலை. சொல்லாமக் கொள்ளாம உள்ள போயிடுவேன். எல்லாத்தையும் பார்ப்பேன். தப்பு இருந்தா எழுதிடுவேன். இந்த வருஷம் மட்டும் ரெண்டு இடத்தை மூட வெச்சிருக்கேன்."

நோட்டுப் புத்தகக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

"நீங்க இதுவரைக்கும் எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எழுத்துல வேணுமா?"

"எழுத்துல இருந்தா நல்லது."

டாக்டர் குனிந்து, மிகவும் தணிந்த குரலில், "உங்க மனசுல என்ன குறை இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை" என்றார்.

சொல்லிவிட்டு மூன்று பேரும் வெளியேறினார்கள். இன்ஸ்பெக்டர் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். கடைசி ஆசை கேட்டுவிட்டுப் போகிறார்கள். தூக்கு மேடையில் கேட்பதை இங்கே படுக்கையிலேயே கேட்டு முடித்துவிட்டார்கள்.

அவர் எழுந்தார். அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் படிவமும் பேனாவுமாக, வெறுங்காலோடு தாழ்வாரத்தில் நடந்தார். தாழ்வாரத்தின் முனையில் லிஃப்ட் திறந்தபடி நின்றது. ஒரே எட்டில் ஏறியிருக்கலாம். ஆனால் கண் தானாகத் தகட்டுக்குப் போயிற்று. சோதனைத் தேதி முடிந்து நாலு மாதம். அவரால் ஏற முடியவில்லை. பழக்க தோஷத்தில் தகட்டு எண்ணைப் படிவத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். நிமிர்ந்தால், நர்ஸ் எதிரில் மருந்துத் தட்டோடு நின்று அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. வந்த வழியே திரும்பி, ஏறக்குறைய ஓடினாள்.

ஆள் கூப்பிடத்தான் ஓடுகிறாள் என்று நினைத்து இவர் படிக்கட்டுப் பக்கம் ஓடினார். ஓடக்கூடிய உடம்பா அது? நாலாவது படியில் அடிவயிற்றில் யாரோ முறுக்கிப் பிழிந்தது போல ஒரு வலி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வியர்வை கொட்டியது. கீழேயிருந்து யாரோ ஏறி வரும் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏங்க, இங்க என்ன பண்றீங்க?"

மனைவி. கையில் மருந்துப் பை.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயந்து வேர்த்தவர்களைத் தினமும் பக்கத்தில் உட்காரவைத்துப் பிழைப்பு நடத்துகிறவள். அவள் அதட்டவில்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்து, முழுக் கதையையும் சொல்லவிட்டாள். ரம்பம், உளி, ஒப்பாரி, காலமான நிபுணர், நடுங்கிய விரல், வட்டமான பூ, கடைசி ஆசை. பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்.

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். அங்கியின் அவிழ்ந்த நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். "முதல் நாள் வண்டியில உட்கார்றவங்க எல்லாம் இப்படித்தான் கிடுகிடுன்னு நடுங்குவாங்க. என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்குன்னு காட்டுவேன். அப்புறம்தான் ஓட்டுவாங்க. நான் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருக்கேன். எங்கயும் போக மாட்டேன். போதுமா?"

போதவில்லை. இருந்தாலும் அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அடிவயிறு மறுபடி முறுக்கியது. இந்த வலியோடு வீட்டுக்குப் போனால் அடுத்த வாரம் இதே படிக்கட்டில்தான் உட்கார வேண்டும். படிவத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக விழுந்தது.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மனைவியின் முகம் கதவின் வட்டக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் தெரிந்தது. தலைக்கு மேல் பெரிய விளக்கு. பக்கத்தில் துணி போட்டு மூடிய தட்டு. துணிக்கடியில் என்ன இருக்கிறது என்று அவர் ஊகிக்க விரும்பவில்லை. கண்ணை மூடி, மூச்சை எண்ணினார்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றேகால் ஆயிற்று. ஆட்கள் உள்ளே வந்தார்கள், காதோடு காதாகப் பேசினார்கள், வெளியே போனார்கள். பதினொன்றரை. பயத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது போலிருக்கிறது. அது மெல்ல மெல்லத் தீர்ந்துபோய், அந்த இடத்தில் ஒரு வீம்பு வந்து உட்கார்ந்தது. மேஜிக்காரராக இருந்தால் என்ன, கல் கொத்துகிறவராக இருந்தால்தான் என்ன. வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம்.

நரைத்த மீசை வைத்த வார்டு ஊழியர் ஒருவர் வந்து ஸ்ட்ரெச்சரின் பிரேக்கை விடுவித்தார்.

"டாக்டரை வரச் சொல்லுங்க. நான் தயார்" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் அவருக்கே ஆச்சரியமாக, நடுங்காமல் வந்தது.

ஊழியர் ஸ்ட்ரெச்சரை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னார்: "அவர் பின்வாசல் வழியா ஓடிட்டார் சார், காலைல உங்க பேரைப் போட்டுத் தேடிப் பார்த்தாராம், நோயாளி மாதிரி வந்து படுத்து ஆஸ்பத்திரிங்களை இழுத்து மூட வைக்கிற பத்திரிகைக்காரர் பேரும் அதேதானாம்."