ஈரக்கோட்டில் ஓடிய ஐஸ் லொறி

லொறி ஓட்டுகிறவர்கள் போகிற வழியைத்தான் பார்ப்பார்கள். வந்த வழியில் திரும்ப நடந்து போய், தார் வீதியில் குந்தியிருந்து, தான் ஓட்டிய ஓட்டத்தில் பிழை பிடித்த ஒரே சாரதியை இந்த உலகத்துக்குத் தந்தது திருகோணமலைதான். எல்லோரும் அவரை 'ரேஸ் ஐஸ்' என்பார்கள். சொந்தப் பெயரை அவருடைய அடையாள அட்டையில் ஒரு தடவை பார்த்தேன். அது வேறு யாருடையதோ போல இருந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் ஆலையிலிருந்து சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோர மீனவர் வாடிகளுக்கெல்லாம் மீனுக்கு ஐஸ் கட்டி ஏற்றிப் போவதுதான் அவருடைய தொழில். நான் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை மா மூட்டைகளை எண்ணிய கிளாக்கர். ஓய்வு கொடுத்தார்கள், எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. என் வீடு உப்புவெளியில் ஒரு மோசமான வளைவில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் என் மதிலில் ஏறியவை மோட்டார் சைக்கிள் நான்கு, முச்சக்கர வண்டி இரண்டு, உழவு மெசின் ஒன்று. ஆக ஏழு.

ஒரு காலை ஐஸ் லொறி வளைவைத் தாண்டிப் போய் நின்றது. சாரதி கையில் சோக்கட்டியுடன் இறங்கி வந்து, என் மதிலுக்கு முன்னால் வீதியில் குந்தினார். எட்டாவது என்று நினைத்துக்கொண்டு குடையுடன் ஓடினேன்.

"தம்பி, என்ன விழுந்தது?"

"ஒண்டும் விழேல்லை ஐயா. கோடு பாக்கிறன்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஐஸ் உருகும் தண்ணீர் லொறியின் பின் பலகையில் இருந்த ஓர் ஓட்டையால் ஒழுகி, வந்த வழியெல்லாம் வீதியில் ஈரக்கோடு போட்டிருந்தது. எங்கள் பக்கத்து வெயிலில் அது காய்வதற்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அவர் இறங்கி ஓடி வந்து பார்க்க வேண்டும்.

"ரேஸ் கார் ஓட்டுறவை வளைவுக்கு வெளியால வந்து, உள்மூலையைத் தொட்டு, திரும்ப வெளியால போவினம். அதுதான் சரியான கோடு. நான் தொடேல்லை. பாருங்கோ, ரெண்டு சாண் தள்ளிப் போயிருக்கிறன்."

"எதைத் தொட வேணும்?"

"உங்கட மதில் மூலையை."

"தம்பி, ஏழு பேர் ஏற்கெனவே தொட்டிட்டினம்."

அவர் சிரிக்கவில்லை. ஏழு பேரும் எந்தப் பக்கத்தால் வந்து தொட்டார்கள் என்று கேட்டார். விவரமாகச் சொன்னேன். எல்லோரும் பிரேக்கைப் பிந்திப் பிடித்திருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். பத்தாம் நாள் ஒரு கொப்பி வாங்கி, அன்றைய கோடு மதில் மூலையிலிருந்து எத்தனை சாண், எத்தனை விரல் என்று நான் எழுதத் தொடங்கியிருந்தேன். மனுசனுக்கு ஒரு வேலை வேண்டும்தானே.

அவர் வேகமாக ஓட்டுகிறவர் என்று நினைக்கக்கூடாது. எதிரே ஒரு கோழி வந்தாலும் கோட்டை விட்டுவிட்டுத் தன் பக்கத்திலேயே போவார். ஆலையிலிருந்து அறுபது கட்டிகளோடு வெளிக்கிடும்போது பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியதுபோலப் போவார். ஒவ்வொரு வாடியிலும் கட்டிகள் இறங்க இறங்க, மிச்சம் உருக உருக, அதற்குத் தக்க மாதிரி வேகம் ஏறும். எந்த இடத்தில் எவ்வளவு பாரம் என்பதை முதுகால் அறிவார். "பாரம் குறைய வேகம் கூட்டலாம். அதுக்கு முதல் கூட்டினால் ஐஸ் உடையும்" என்பது அவருடைய ஒரே வேதம்.

இதனால்தான் ஆலை முதலாளி ஹாஜியாரால் அவரை நிறுத்த முடியவில்லை. ஒரு நாள் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டு ஹாஜியார் முறையிட்டார்.

"கிளாக்கர், நான் குடுத்தது ஐஸ் லொறி. இவன் தலையில ஹெல்மெட்டப் போட்டுட்டு ஓட்டுறான். குச்சவெளியில என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"நிப்பாட்டி விடுங்கோவன்."

"எப்படி நிப்பாட்ட? மத்த டிரைவர் ஒரு பயணத்துக்கு ஆறு கட்டி உடைக்கிறான். இவன் மூணு வருசத்தில ஒண்டு உடைச்சான். அதுவும் கீழ இறக்கக்குள்ள."

ஹெல்மெட் லொறியோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நிலத்தில் தலையணையில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, ஹெல்மெட்டோடு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டின் இடது பக்கத்தில் ஒரு துணிப்பை தொங்கியது. பைக்குள் அரைச் செங்கல்.

"ரேஸ் காருக்குள்ள இப்பிடித்தான் படுத்த மாதிரி இருக்க வேணும் ஐயா. வளைவில தலையை ஒரு பக்கமா இழுக்கும். அதுக்குக் கழுத்தைப் பழக்கிறன்."

"வலது பக்கத்துக்கு?"

"பின்னேரம்."

அவருடைய மனைவி சாந்தி குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். "அண்ணை, இந்த மனுசனோட ஒரு கல்யாண வீட்டுக்குப் போக ஏலாது. போன கிழமை பந்தியிலையும் காலை நீட்டினவர். முன்னால இருந்த கிழவியின்ர இலைக்குள்ள கால்."

"இலையில படேல்லை" என்றார் அவர். "நாலு விரல் இடைவெளி இருந்தது."

இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் மேற்குக் கரையில் ஒரு கார்ப் பந்தயக் கழகம் வெளிநாட்டிலிருந்து புத்தம் புதிய ரேஸ் கார்களை இறக்கியது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே எஞ்சின். ஓட்டுவதற்குப் புதியவர்களைத் தேடுவதாகவும், இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, கடைசியில் ஓட விட்டுப் பார்த்து, நான்கு பேரை எடுப்பதாகவும் அறிவித்தது. வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். நான் கணக்குப் பார்த்தேன். தேர்வு நாளன்று அவருக்கு முப்பத்தைந்து ஆக இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும். இனி ஒரு தடவை என்ற பேச்சே இல்லை.

விண்ணப்பத்தில் பொறுப்பாளி ஒருவர் கையெழுத்து வைத்து, கூடவும் வர வேண்டும். சாந்தி பேனையைத் தொடவே மாட்டேன் என்றாள். அவர் என்னிடம் வந்தார். பதினான்கு நிபந்தனைகளையும் இரண்டு தரம் வாசித்தேன். ஒன்பதாவது, உயிரிழப்பு ஏற்பட்டால் கழகம் பொறுப்பில்லை என்றது. பதினொன்றாவது அதையே வேறு சொற்களில் சொன்னது.

"ஒருக்காச் சொன்னால் போதாதோ?" என்று கேட்டேன்.

"ஐயா, எனக்கு ஒருக்கா அதுக்குள்ள இருந்து பாக்க வேணும். ஒரே ஒருக்கா."

மூன்று வருடமாக முழங்காலில் நின்று வீதியை அளந்த மனிதர் அப்படிக் கேட்டால் என்ன செய்வது? கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை நாலு மணித்தியாலத்துக்குக் குறைந்தது.

பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், பதினாறு நிறுத்தம். கார்களைக் கண்டதும் பக்கத்தில் போய் நின்று அளந்தேன். என் முழங்கால் உயரம்தான். மேலே கூரை இல்லை. ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். கழன்று வருகிற ஸ்டியரிங்கைப் பற்றி நான் வேறெங்கும் நல்ல விதமாகக் கேள்விப்பட்டதில்லை. வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். மற்ற எல்லோரும் தகப்பன்மாரின் கார்களில் வந்த இளசுகள். லொறிச் சாரதி இவர் ஒருவர்தான்.

பயிற்சியாளர் சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தார். சக்கரம் நேராக நிற்கும்போதே பிரேக்கை முடித்துவிடு. கண் காருக்கு முன்னால் அல்ல, போகப்போகிற இடத்தில் இருக்கட்டும். வளைவின் உள்மூலையைத் தொட்டபின் பொறுமையாக வேகம் கொடு. எங்கள் ஆள் ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். கடைசியில் கையை உயர்த்தினார்.

"சேர், பாரம் எங்கை வைக்கிறது?"

"என்ன பாரம்?"

"ஒண்டுமே ஏத்திறேல்லையா?"

இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் முகத்தில் ஒரு கவலை வந்து குந்திக்கொண்டது. அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு என் கவலைகளே போதுமானதாக இருந்தன.

இரண்டாம் நாள் தேர்வு. ஆளுக்கு ஆறு சுற்று. அதில் யாருடைய ஒரு சுற்று மிகக் குறைந்த நேரமோ அவருக்கு முதலிடம். மற்றவர்கள் முதல் சுற்றிலேயே உயிரை விட்டு ஓட்டினார்கள். ஓரத்தில் வைத்திருந்த கூம்புகள் பறந்தன. நாற்பத்தொன்று எண்ணினேன். மூன்று பேர் சுழன்று புல்லுக்குள் போனார்கள். ஒவ்வொருவர் சுழலும்போதும் நான் ஒன்பதாம் நிபந்தனையை மனதுக்குள் ஒப்புவித்தேன்.

பிறகு அவருடைய முறை. என்னிடம் இரண்டு நிறுத்தற் கடிகாரமும் கைக்கடிகாரமும் இருந்தன. முதல் சுற்று தொண்ணூற்றெட்டு செக்கன். பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன், "இவர் கோயில் வீதி சுத்துறாரோ?" என்றார். இரண்டாவது தொண்ணூற்று நான்கு. மூன்றாவது தொண்ணூறு. நான்காவது எண்பத்தாறு. மூன்று கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்தேன். சுற்றுக்கு நான்கு செக்கன், நூல் பிடித்த மாதிரி. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். சாம்பல்தீவில் இறக்கியாயிற்று, நிலாவெளியில் இறக்கியாயிற்று. அந்த மனிதர் வெறுங்காரில் அறுபது கட்டி ஐஸை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகு பழகிய பழக்கத்தைத் தலை மாற்ற முடியவில்லை.

ஐந்தாவது எண்பத்திரண்டு. ஆறாவது எழுபத்தெட்டு. கொடி விழுந்தது. ஒரு கூம்பும் அசையவில்லை.

கடைசியாகத் தெரிவானவரின் நேரம் எழுபத்தாறு. இவருக்கு ஏழாம் இடம். ஏழாவது சுற்று என்று ஒன்று இருந்திருந்தால் எழுபத்து நான்கு, மூன்றாவதாக வந்திருப்பார். இதை நான் அங்கே நின்றபடியே கணக்குப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஏழாவது சுற்று வைக்காமல் விட்டதற்காக எங்கள் ஊர்க் கோணேசருக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றிக்காக இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

அவர் காரை விட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே சாய்ந்திருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"தம்பி, வாரும். பஸ்ஸுக்கு நேரம்."

"இன்னும் கொஞ்சம் உருக இருந்தது ஐயா" என்றார். ஹெல்மெட்டுக்குள் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டது. குடையை விரித்து அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கழகத்தின் தலைமை மெக்கானிக் வந்தார். எண்ணெய்க் கையால் நான்கு டயரையும் தடவினார். பிரேக்கைப் பார்த்தார். பிறகு எங்கள் ஆளைப் பார்த்தார். பேசியது சிங்களத்தில், எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"சுற்றுக்கு நாலு செக்கன் குறைச்சது தற்செயலோ, தெரிஞ்சு செய்தீரோ?"

"நான் ஐஸ் லொறி ஓட்டுறனான்" என்றார் இவர், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல.

மெக்கானிக் அதை விளங்கப்படுத்தச் சொன்னார். நானே விளங்கப்படுத்தினேன், சாண் கணக்கு விரல் கணக்கோடு. அவர் கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: புதுக் காரை எடுத்தவுடன் விரட்டக்கூடாது. புது எஞ்சினும் புதுப் பிரேக்கும் புது டயரும் மெதுவாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று அளவாகச் சூடு ஏற்றிப் பழக்க வேண்டும். தெரிவான நாலு பேரிடமும் அந்த வேலையைக் கொடுத்தால் இரண்டாம் சுற்றிலேயே பொறுமை போய்விடும். இன்னும் எட்டுக் கார் பெட்டியில் இருக்கிறது. பிறகும் எஞ்சின் மாற்ற மாற்ற வேலை வரும். "மாசத்தில ரெண்டு நாள் வந்து பழக்கித் தர ஏலுமோ?"

"வேற கார் ஓடுமோ, அந்த நேரம்?" இதைக் கேட்டவன் நான்.

"இல்லை. தனியத்தான்."

"முந்திறதுக்கு ஒருத்தரும் வரமாட்டினம்?"

"ஒருத்தரும் இல்லை."

இரண்டு கிழமையாக நெஞ்சில் வைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. குடை கையிலிருந்து நழுவி அவருடைய ஹெல்மெட்டில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எத்தினை சுத்து?" என்று கேட்டார்.

"காருக்கு முப்பது."

"முப்பதோ?" ஹெல்மெட்டைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. "ஐயா, முப்பதாம். எல்லாம் உருகிப்போம்."

பஸ் தரிப்பிடத்திலிருந்து சாந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுக் கதையையும் ஒழுங்காகச் சொன்னேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள். "அப்ப எடுபடேல்லை?" இல்லை என்றேன். "ஆனா ஓடப் போறார்?" ஓம், தனியாக என்றேன். பிறகு, "ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை, மீன் வாங்கி வைக்கிறன்" என்றாள்.

இப்போது மாதத்தில் இரண்டு நாள் ஹாஜியார் லீவு கொடுக்கிறார். அந்த இரண்டு நாளும் பன்னிரண்டு கட்டி உடைவதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுகிறார். ரேஸ் ஐஸ் பின்னேரம் மூன்று மணிபோல ஓட்டம் முடிந்து எனக்கு அழைப்பார். "முடிஞ்சுது ஐயா" என்பார். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். பிறகுதான் மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவுவேன். இது அவருக்குத் தெரியாது.