ஒரு நல்ல செய்தியும் அதற்கான திருத்தமும்

உலகத்தில் நல்ல செய்தி எதுவுமே இல்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் இப்போது மறுத்துப் பேசுவதில்லை. தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடிக்கிறேன். ஒரு காலத்தில் அப்படி இல்லை. ஆறு வருடங்களுக்கு முன், நல்ல செய்தி உண்டு என்று நிரூபிக்கக் கிளம்பி, என் மாமனாரின் படகைக் கிட்டத்தட்ட விற்க வைத்திருப்பேன். (கோயில் மைக்கில். சுத்தமான உச்சரிப்போடு.)

அப்போது எனக்குத் திருமணமாகி நான்கு மாதம். சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். சொந்த ஊர் பொன்னேரிக்கு அந்தப் பக்கம், நெல் விளைகிற கிராமம். மனைவி தேவிக்குக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள கோட்டைக்குப்பம், மீன்பிடிக் குடும்பம். காதல் கல்யாணம். இரண்டு வீட்டாரும் ஒரு வருடம் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு இறங்கி வந்தார்கள். எனவே ஜூலையில் பத்து நாள் விடுப்பெடுத்து மாமனார் வீட்டுக்குப் போனபோது, அந்த ஊரில் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் லட்சியம்.

கோட்டைக்குப்பத்தில் நல்ல பெயர் வாங்க வலை பின்னத் தெரிய வேண்டும், நீந்தத் தெரிய வேண்டும், குறைந்தபட்சம் தொண்டையில் முள் குத்திக்கொள்ளாமல் மீன் தின்னத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பதுதான்.

படகுகள் கரைக்கு வந்த பிறகு, கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்வார்கள். முதல் நாள் அங்கே போய், கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தேன். போர், வெயில், ஏற்றுமதி வரி, மறுபடியும் போர். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது கன்னியம்மா அத்தை கையை நீட்டி நிறுத்தினார். மாமனாரின் அக்கா. முப்பது வருடமாகப் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர் ஒருவர்கூட இல்லை என்று ஊரே சொல்லும்.

"இன்னா இது, ஒலகத்துல ஒருத்தன் வூட்லயும் நல்லது நடக்கலியா?"

நடக்கிறது அத்தை, நாங்கள் அதைச் சின்னதாகப் போடுவோம் என்றேன்.

"அப்ப அந்தச் சின்னத எட்த்துப் படி. தெனம் ஒண்ணு. நான் வாயத் தொறக்க முடியாத மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டன்னா, உன்ன மாப்ளன்னு கூப்புடறேன்." அதுவரை அவர் என்னைப் 'பேப்பரு' என்றுதான் அழைத்துவந்தார்.

நான் ஏற்றுக்கொண்டேன். தினமும் பதினொரு மணிக்குத் தீர்ப்பு.

மறுநாள், சண்டையிலிருந்த இரண்டு நாடுகள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்த செய்தியைக் கொண்டுபோனேன். தன் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி சுவர்த் தகராறுக்குப் பதினைந்து முறை உட்கார்ந்ததாகவும், ஒவ்வொரு முறையும் எழுந்த பிறகு சண்டை பெரிதானதாகவும் அத்தை தெரிவித்தார். தள்ளுபடி. அடுத்த நாள், பல கடல்களில் ஆமைகள் பெருகிவருகின்றன என்றேன். கொட்டகையில் ஒரே நேரத்தில் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். ஆமை கிழித்த வலையைத்தான் அப்போது தைத்துக்கொண்டிருந்தார்கள். (நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிப்பதுதான் என் தொழில்.) நான்காம் நாள், வானத்தின் ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டை மெல்ல மூடிக்கொண்டு வருகிறது என்று வாசித்தேன். அத்தை கொட்டகைக்கு வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார்.

"அந்த ஓட்டைய போட்டது யாரு?"

மனிதர்கள்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"கீச்சவனே தைக்கறான். இதுல இன்னா நல்ல சேதி?"

இந்த வழக்கு ஊரில் பிரபலமாகிவிட்டது. கொட்டகையில் இடம் போதாமல், தினச் செய்தியைக் கோயில் மைக்கிலேயே வாசிக்கச் சொன்னார்கள். புயல் எச்சரிக்கைக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் மட்டுமே பயன்படும் மைக் அது. ஏரித் தண்ணீரின் மேல் குரல் வழுக்கிக்கொண்டு பக்கத்து ஊர்கள் வரை போகும். என் தலை கனத்ததில் வியப்பில்லை.

இந்த விளையாட்டுக்கு நடுவில் மாமனார் வீட்டில் ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக வலை காலியாகவே வந்தது. அந்த வாரக் கடைசிக்குள் நல்ல பாடு, அதாவது வலை நிறைய மீன், கிடைக்காவிட்டால் படகை விற்றுவிடுவது, மைத்துனன் சேகர் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணும் வேலைக்குப் போவது என்று மாமனார் ஏழுமலை முடிவெடுத்திருந்தார். சேகருக்கு வயது இருபத்து மூன்று. அந்த வேலையைப் பற்றி அவன் ஒரே ஒரு முறை பேசினான். "பொட்டி நீந்தாது மாமா. அத எண்றதுல இன்னா கீது?" என்றான். பிறகு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஐந்தாம் நாள் விடிகாலை அவர்களோடு நானும் கடலுக்குப் போனேன். நான்கு முறை வாந்தி எடுத்தேன். இரண்டு வாந்திகளுக்கு நடுவில் வலை மேலே வந்தது. வலை முழுக்க வெள்ளை இறால். அத்தனை இறாலை நான் அதுவரை கல்யாண விருந்தில்கூடப் பார்த்ததில்லை. மாமனார் ஐஸ் பெட்டியைத் திறந்தார். சேகர் என்னைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி.

கரை இறங்கியதும் யாரோ என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். "கொழம்புக்கு ஆச்சி" என்றார் மாமனார். ஐஸ் பெட்டியின் மூடி மூட முடியாமல் பிதுங்கி நின்றது. அதன் மேல் சாக்கைப் போட்டு, சாக்கின் மேல் அவரே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அதிர்ச்சி. எங்கள் ஊரில் விளைச்சலை மறைக்க முடியாது. நெல் களத்தில் மலைபோலக் கிடக்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்து, எத்தனை மூட்டை என்று சொல்லிவிட்டுப் போவான். கடல்காரர்கள் பாடு கிடைத்த இடத்தைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. மாமனாருக்குத் தன்னடக்கம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மைக்கைப் பிடித்தேன். "இன்றைய நல்ல செய்தி வெளிநாட்டில் இல்லை. நம் ஊரிலேயே நடந்திருக்கிறது" என்று ஆரம்பித்தேன். ஏழுமலை அவர்களின் வலையில் இன்று காலை ஐந்தரை மணிக்குப் பெட்டி கொள்ளாத அளவுக்கு வெள்ளை இறால் சிக்கியது. இடம், லைட்ஹவுஸுக்கு நேர் கிழக்கே, பன்னிரண்டு பாகம் ஆழம், பாறைக்கு இந்தப் பக்கம். இத்தனையும் சொல்லி முடித்து, அத்தையை வெற்றியோடு பார்த்தேன்.

கொட்டகையில் ஒருவர் வலை ஊசியும் அசையவில்லை. அத்தை வாயைத் திறக்கவில்லை. (ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.)

வெளியே வந்ததும் சேகர் என்னைத் தென்னை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். "இன்னா மாமா, இப்படிப் பண்ட்டீங்க? நாளைக்கு அங்க திருவிழாக் கூட்டம் நிக்கும். ஒரு நாள்ல தொடச்சி எட்த்துருவானுங்க. இன்னும் ரெண்டு நாள் கெடச்சிருந்தா நம்ம போட்டு தப்பிச்சிருக்கும்." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் தலை நிமிராமல் வலையைத் தைத்தபடி, "சும்மா இருங்க மாப்ள. எதுவும் பண்ணாதீங்க. சும்மா இருந்தா போதும்" என்றார். அறிவுரை என்று பார்த்தால் அதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிவிட முடியாது.

மறுநாள் ஒன்பது மணிக்கு வர வேண்டிய படகுகள் பத்தரையாகியும் ஒன்றுகூட வரவில்லை. எல்லோரும் அந்த ஒரே இடத்தில் வலைக்கு மேல் வலை வீசி அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று என் மனக்கண்ணில் பார்த்தேன். நடுவில் சேகரின் முகம். சும்மா இருக்க முடியவில்லை. பத்திரிகைக்காரன் தவறு செய்தால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பதினொரு வருடத் தொழிலில் நான் அறிந்து ஒரு பொய்யும் எழுதியதில்லை. அந்தப் பெருமையையும் படகுக்காகத் தியாகம் செய்வது என்று முடிவெடுத்து மைக்கைப் போட்டேன்.

"ஒரு திருத்தம். நேற்றைய செய்தியில் லைட்ஹவுஸுக்கு நேர் கிழக்கே என்று குறிப்பிட்டது தவறு. தென்கிழக்கே, எட்டு பாகம் என்று இருக்க வேண்டும். தவறுக்கு வருந்துகிறோம்."

அடுத்த நொடியே கொட்டகையில் ஆளுக்கு ஒரு செல்போன் காதுக்குப் போனது. கன்னியம்மா அத்தை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாடு கெடச்ச எடத்த எவனாவது மைக்ல சொல்வானா? பேப்பர்காரன வுட்டு ஏழுமல நம்மள ஏமாத்தறான்னு நெனச்சி இன்னிக்கு எல்லா போட்டும் வடக்க ரொம்ப தூரம் பூட்ச்சி. கெழக்க ஒரு ஈ காக்கா இல்ல. என் தம்பி தனியா நின்னு வாரிக்கினு கீறான். அதான் லேட்டு."

மைக் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இப்ப நீ மாத்திச் சொன்ன பாரு" என்றார் அத்தை, மார்க்கெட்டில் அழுகிய மீனைத் தனியே எடுத்துப் போடும் நிதானத்தோடு. "அப்ப மொதல்ல சொன்னது நெஜம்னு பக்கத்து ஊரு தோணிரேவு வரைக்கும் தெரிஞ்சி போச்சி."

நான் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. அதை மறுத்ததும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். இதழியல் வகுப்பில் இதைச் சொல்லித் தந்திருக்கலாம்.

அதற்கு அடுத்த நாள் லைட்ஹவுஸுக்கு நேர் கிழக்கே நின்ற படகுகளைக் கரையிலிருந்தே எண்ண முடிந்தது. நாற்பத்து ஒன்று. (இரண்டு முறை எண்ணினேன். வேறென்ன செய்ய?) மாமனாரின் படகுக்கு அங்கே வலை இறக்க இடமில்லை. சேகர் கோபத்தில் எஞ்சினைத் திருப்பியபோது, எங்கே போவது என்று கேட்டானாம். மாமனார் சிறிது யோசித்து, "தென்கெழக்க போ. பேப்பர்காரர் சொல்லிக்கீறாரு" என்றாராம்.

எனக்கு இது பிறகு சேகர் சொல்லித்தான் தெரியும். அன்று நான் பார்த்தது, மதியம் ஒரு மணிக்கு அவர்கள் படகு திரும்பியதை மட்டும்தான். போகும்போது இருந்ததைவிட ஒரு சாண் கூடுதலாகத் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. பெட்டியின் மேல் மாமனாரும் சேகரும் இருவருமே உட்கார்ந்திருந்தார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், என்ன கிடைத்தது மாமா என்று கேட்டேன்.

மாமனார் என் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தார். அதில் பேனா இருந்தது.

"கொழம்புக்கு ஆச்சி மாப்ள."

நான் குறிப்பேட்டை எடுக்கவில்லை. அந்த வார இறுதியில் படகை வாங்க ஆள் வந்து, காப்பி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார். சேகர் இன்றுவரை கன்டெய்னர் எதையும் எண்ணவில்லை. நாங்கள் சென்னைக்குக் கிளம்பும்போது கன்னியம்மா அத்தை ஒரு பொட்டலம் உரித்த இறாலை என் கையில் திணித்தார். "இத்த எங்க புட்ச்சதுன்னு மட்டும் எழுதாத. அப்ப ஒத்துக்கறேன், மாப்ள" என்றார்.

அடுத்த வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறைக்கு வெளியில் நின்றபடியே மாமனாருக்குப் போன் செய்தேன். மாமா, ஒரு நல்ல செய்தி என்று ஆரம்பித்து, பழக்க தோஷத்தில் மணி, எடை, மருத்துவமனை, மாடி, அறை எண் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தேன். மறுமுனையில் அலைச் சத்தத்தோடு மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"சந்தோசம் மாப்ள. திருத்தம் எதனா வருமா?"