அர்த்தம் அண்ணாச்சி அடித்த மணி

அர்த்தம் தெரியாமல் யாரையும் அழக்கூட விடாத மனிதர், அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை ஒருவர்தான். மாதா கோயிலைக் கூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, மணி அடிப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தோடு சரி. ஊருக்கு அவர் ‘அர்த்தம் அண்ணாச்சி.’

பூசைக்கு ஓட்ட மணி, திருநாளுக்குத் துள்ளல் மணி, சாவுக்கு இடைவெளி விட்டு ஒற்றை மணி. பிசகவே பிசகாது. மேலத்தெருக் கிழவர் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, அவருடைய அவசரக்கார மகன் துக்க மணி அடிக்கச் சொல்லி ஓடிவந்தான். அண்ணாச்சி நேரே போய்க் கிழவரின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

“மூச்சு வருதுலே! இப்ப அடிச்சா மணிக்கு என்னலே அர்த்தம்?”

கிழவர் எழுந்து உட்கார்ந்து, இன்னும் இரண்டு வெள்ளாமை பார்த்தார். மகன்தான் அண்ணாச்சியோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

வியாகுல மாதா திருநாளில் பெண்கள் கண்ணீர் விட்டுச் செபம் சொல்ல, குறுக்கே விழுந்தார்.

“நிப்பாட்டுங்க. வியாகுலம்னா என்ன?”

“துக்கம், அண்ணாச்சி.”

“இல்ல தாயி. அது வடமொழி. ஆகுலம்னா கலக்கம். ‘வி’ சேந்தா அதுக்கும் மேல. பருத்திப் பொதி காத்துல அவுந்தா எது எங்க கெடக்குன்னு தெரியுமா? மனசு அந்தக் கதி ஆகணும். அழுக வந்தா அது வெறும் துக்கந்தான்.”

சாமியார் மூன்று தடவை இருமிய பிறகுதான் செபம் தொடர்ந்தது.

யுத்தம் வந்தது. அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனான். முதலில் வந்த கடிதங்களைத் தெருவே கேட்க வாசித்தார். பிறகு எங்கள் மழையைப் போலவே கடிதமும் பொய்த்தது. ஊரையே கேள்வி கேட்டவர், தபால்காரரை மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார். பையைப் பார்ப்பார், திரும்பிவிடுவார்.

ஒரு முற்பகலில் அவருக்குத் தந்தி வந்தது. பருத்திக் கிட்டங்கியில் எடை போட்டுக்கொண்டிருந்த நான் சேதி கேட்டு ஓடினேன். அண்ணாச்சி அதை நின்றபடியே படித்து மடித்தார்.

“பய போயிட்டான். இரு, மணி அடிச்சிட்டு வாரேன்.”

“நான் அடிக்கிறேன் அண்ணாச்சி.”

“ஒனக்கு அர்த்தம் தெரியாது.”

இரண்டு ஒற்றை மணி ஒழுங்காக விழுந்தது. மூன்றாவது ஓட ஆரம்பித்தது. பிறகு திருநாள் மணி துள்ளியது. மறுபடி ஒற்றை. ஊர் அலறியடித்துக்கொண்டு வந்தது. ஒருத்தி பூசைக்கு முக்காடு போட்டு, ஒருவர் திருநாளென்று புது வேட்டி கட்டி, ஒருத்தி தலைவிரிகோலமாக மாரடித்துக்கொண்டு. பலசரக்குக் கடைச் செட்டியார் எங்கோ தீப்பிடித்ததென்று தண்ணீர் வாளியோடு வந்து நின்றார். வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

அண்ணாச்சி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“ஏலே, எது எதுன்னு தெரியலையே… தப்பா அடிக்கிறேனாலே?”

செட்டியார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையோடு சேர்த்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“சரியாத்தான் அடிக்கிறீக அண்ணாச்சி” என்று ஊரே பொய் சொன்னது.