பாதிச் சுருளும் பாதியில் நின்ற லிஃப்டும்

பிளவ்டிவ்,
செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் லூபென் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் கான்சோ பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவருக்கும் உடல்நலத்தில் குறைவில்லை. மனநலத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ரூசேயில் அண்ணியின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், உங்கள் திராட்சை நன்றாகப் பழுத்திருக்கும் என்றும் நம்புகிறேன். எங்கள் மகள் ரலிட்சாவின் நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் புறப்பட வேண்டாம். சம்பந்தம் முறிந்துவிட்டது. முறித்தவன் நான். இதை என் வாயாலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் தங்கை சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

மிளகாய் சுடும் பருவத்தில் எங்கள் கட்டடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பால்கனிக்குப் பால்கனி மின்சார அடுப்பு, தெரு முழுக்கச் சிவப்புக் குடைமிளகாய் வாசனை. எங்கள் வீட்டில் அந்த அடுப்பையும் வெந்நீர் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். "சம்பந்தி வந்துட்டுப் போற வரைக்கும் அதைத் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் உங்கள் தங்கை தோப்ரிங்கா. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சுடச்சுட மிளகாய் வைக்காமல் என்ன விருந்து? ஆகவே பிரச்சினையை அறிவியல் வழியில் தீர்க்க முடிவு செய்து, பக்கத்து வீட்டில் மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். மின்னழுத்தம் இருநூற்று முப்பது வோல்ட். மின்னோட்டம் நான்கு ஆம்பியர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் தடை, ஐம்பத்தேழரை ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், தொள்ளாயிரத்து இருபது வாட். இதுவரை என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, மாப்பிள்ளை சஹாரியாலும் அதை மறுக்க முடியாது. அதற்குப் பிறகுதான் நான் யோசித்தேன். வாழ்நாளெல்லாம் பள்ளியில் புவியியல் பாடம் நடத்தியவன் அல்லவா? ஆற்றின் நடுவே பாறை கிடந்தால் தண்ணீர் முட்டி மோதுகிறது. பாறையை எடுத்தால் அமைதியாகப் போகிறது. தடையைப் பாதியாக்கினால் மின்சாரமும் அப்படியே சிரமமில்லாமல் போகும், ஃபியூஸுக்கும் நிம்மதி என்று அடுப்பின் சுருளைச் சரிபாதியாக வெட்டி இணைத்துவிட்டேன்.

அதோடு நிறுத்தினேனா? நம் வீட்டு ஃபியூஸுக்கு எந்த வம்பும் வேண்டாம் என்று அடுப்பைத் தூக்கிப்போய் மாடிப்படியில் இருக்கும் பொது ப்ளக்கில் செருகினேன். சுருள் சிவக்கவில்லை, வெளுத்தது. மிளகாய் சுடவில்லை, கரியானது. ஆகா, என்ன வேகம் என்று நான் மகிழ்ந்த அதே நொடியில் 'டப்'பென்று ஒரு சத்தம். லிஃப்டும் அந்தப் ப்ளக்கும் ஒரே ஃபியூஸில்தான் ஓடுகின்றன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. லிஃப்டுக்குள் சம்பந்தி மின்கோ, சம்பந்தியம்மாள் எவ்தோகியா, சஹாரி, அவர்களை வரவேற்கக் கீழே போயிருந்த உங்கள் தங்கை.

இரண்டு மாடிகளுக்கு நடுவிலிருந்து சஹாரியின் குரல் வந்தது. "மாமா! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நாலு ஆம்பியர் இழுக்குற மிளகா அடுப்பு, அதோட தடையைக் கொஞ்சம் குறைச்சேன்."

"கொஞ்சம்னா?"

"பாதி."

"ஐயோ மாமா! வோல்ட் அப்படியேதானே இருக்கும்? தடை பாதியானா கரண்ட் ரெண்டு மடங்கு. நாலு ஆம்பியர் எட்டாயிடுச்சு. எரநூத்தி முப்பதை எட்டால பெருக்குங்க!"

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது" என்றேன், பழக்கதோஷத்தில்.

"டேய், இங்க எனக்கு மூச்சு முட்டுது, உங்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடா?" என்று மின்கோ அலறினார். மூடிய இடம் அவருக்கு ஆகாதாம். அதை யார் முன்கூட்டிச் சொன்னார்கள்? "ஏங்க, பேசாம சாவிய வாங்கிட்டு வாங்க!" என்று உங்கள் தங்கை கத்தினாள். ஃபியூஸ் பெட்டியின் சாவி கட்டடத் தலைவி நெவேனாவிடம். நெவேனாவோ ஊருக்கு வெளியே தன் தக்காளித் தோட்டத்தில். ரலிட்சாவை அங்கேயே நிற்கவைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு பஸ் பிடித்து ஓடினேன். சாவியோடு திரும்பி, ஃபியூஸைப் போட்டு லிஃப்டைத் திறந்தபோது மின்கோவின் சட்டை பிழிந்தால் சொட்டும்போல் இருந்தது. கையில் பக்லாவா இனிப்புப் பெட்டி அப்பளமாக நசுங்கியிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வீட்ல ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்" என்று படியிறங்கினார். எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். ரலிட்சா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மச்சான். அதுதான் தாங்க முடியவில்லை. சஹாரி அவளுக்கு நான் தேடிக்கொடுத்த மாப்பிள்ளை இல்லை. அவளாக விரும்பிய பையன்.

இனி மின்சாரத்தை விரலாலும் தொட மாட்டேன், மனத்தாலும் வகுக்க மாட்டேன். உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இருட்டில்லாத நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள் அன்புக்குத் தகுதியிழந்த,
கான்சோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டப்பட்டது. எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள், படியேறி. நான் தோட்டத்துக்கு ஓடியிருந்த நேரமெல்லாம் ரலிட்சா படியில் மண்டியிட்டு, லிஃப்ட் கதவின் இடுக்கில் விரல்களை நுழைத்து மின்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் ஊர்க் கால்பந்துக் குழுவைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாளாம். பஸ் நிறுத்தத்தில் அவர் சஹாரியிடம் சொன்னாராம்: "நான் செத்துக்கிட்டிருந்தேன், நீ கணக்குச் சொல்லிக்கிட்டிருந்தே. அந்தப் பொண்ணுதான்டா என்னைப் பிடிச்சு வச்சிருந்தா. வா, திரும்பிப் போலாம்." இப்போது என் பழச்சாராயத்தில், மூன்றாவது கோப்பை ராக்கியாவில் இருக்கிறார். நிச்சயதார்த்தம் அடுத்த ஞாயிறு, கட்டாயம் வந்துவிடுங்கள். அவர் போட்டிருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. உங்கள் தங்கையிடம் சொன்னார்: "விசேஷத்தன்னிக்கு லைட்டு, பாட்டு, அடுப்பு எல்லாம் ஓடட்டும் சம்பந்தியம்மா. இவரோட ப்ளக்கை மட்டும் புடுங்கி வச்சிருங்க."